டச்பார் வீட்டுக் கணக்கு

லூசேர்னிலிருந்து படம் படமாக
வந்துகொண்டிருந்தது வீடு.
இரவு பதினொன்றுக்கு ஒன்று:
ஹால் சீலிங்கில் மூன்று அடுக்கு, நடுவில் தாமரை,
இதழ் ஓரமெல்லாம் பொன் பூச்சு.
விடிய நாலரைக்கு இன்னொன்று:
தாமரை வேண்டாம், அலை மாதிரி வளைவு,
வளைவுக்குள் ஒளித்துவைத்த நீல லைட்.
கிருபைரெத்தினம் அண்ணனுக்கு அங்கே இரவு ஷிப்ட்.
ஓய்வு கிடைக்கும் போதெல்லாம்
என் தலைக்கு மேல் எதையாவது கட்டுவார்.

நான் சீலிங் ஆள். காத்தான்குடி.
பதினாறு வருடமாய் அண்ணாந்தே இருந்து
குனியச் சொன்னால் கழுத்து யோசிக்கும்.
தோஹாவில் ஒரு மாளிகைக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரம் பதித்தேன்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, ஒவ்வொரு துளைக்கும்
கண்ணில் கொஞ்சம் தூசி.
வானத்தை எண்ணி முடித்த மனிசன் என்று
நுஸைபா பகிடி பண்ணுவாள்.

தரையில் நடப்பது வினோகரன் பாடு.
கடல் பக்கம் நீச்சல் குளம்,
இருபத்தெட்டுக்குப் பன்னிரண்டு அடி,
நகம் அளவு டைல்ஸ், நீலமும் பச்சையும் கலந்து.
"முன்னுக்குக் கடல், பின்னுக்கு வாவி,
நடுவில இவருக்கு இன்னொரு தண்ணி" என்பான்,
ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும்
நூல் பிடித்துத்தான் ஒட்டினான்.

டச்பாரில் மூன்று முழம் தோண்டினால் ஊற்று.
படத்தில் அது இல்லை.
"ஆவணியில் நாங்கள் வந்து தேங்காய் உடைத்த
பிறகுதான் தண்ணீர் விட வேணும்"
குரல் பதிவு வந்தது.
குளம் வெறுமையாய்க் கிடந்தது.

மறுகா மாரி பிடித்தது.
ஐந்து நாள் வேலை இல்லை.
ஆறாம் நாள் போய்ப் பார்த்தால்
குளத்தின் ஒரு மூலை
நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பி நிற்கிறது,
கட்டு அறுத்த தோணி மாதிரி
கடலைப் பார்த்துச் சாய்ந்து.
"வெறுந்தொட்டி மிதக்கும் காக்கா,
நிறைஞ்சாத்தான் இருப்பு"
தொப்பலாய் நனைந்து நின்று
தொழில் விளக்கம் சொன்னான் வினோகரன்.
சிரிப்பு வந்தது எனக்கு.
உதிர்ந்த டைல்ஸை அவன் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
சாரத்தில் துடைத்தபோது நின்றுவிட்டது.

மார்கழி முழுக்க பம்ப் இரைந்தது.
வெடித்த மூலையை வெட்டி, கம்பி கட்டி,
அடியில் ஒரு வால்வும் வைத்து
லூசேர்னைக் கேளாமல் குளத்தை நிரப்பினான்.

தை பிறந்து நாலாம் நாள், காலை ஏழரை.
வெறும் வெள்ளைப் பலகைதான் ஏற்றியிருந்தேன்,
தாமரைக்கும் அலைக்கும் இன்னும் முடிவு வரவில்லை.
கண்ணாடிக் கதவைத் தள்ளவும்
குளத்தில் விழுந்த வெயில்
துள்ளி மேலே ஏறியது.
சீலிங் முழுக்க வலை.
வீசியவன் இழுக்க மறந்த வலை,
காற்றுப் பட்டால் கண் சுருங்குகிறது,
அடங்கினால் விரிகிறது.
ஏணியில் பாதியில் நின்றான் அஸ்மத்.
அவன் தட்டிலிருந்து பட்டி
என் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது.

வேலைக்காக இல்லாமல் அண்ணாந்தது
அதுதான் முதல் தடவை
என்று சொன்னால் பொய்.
தோஹாவில் ஓரிரவு கரண்ட் போனபோது
மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறேன்.
ஆனால் அது யாரும் பதிக்காதது.

வீடியோ எடுத்து அனுப்பினேன்:
அண்ணன், இதை இப்படியே விடுவோம்.
உடனே பதில்.
"சூப்பர். என்ன லைட் இது, இத்தாலியா?
சுவிட்ச் எந்தச் சுவரில் வருது?"

அன்று பின்னேரம் பில் எழுத உட்கார்ந்தேன்.
சனல் இவ்வளவு, பலகை இவ்வளவு,
திருகாணி நாலு பெட்டி.
பொன் பூச்சு, வெட்டு.
நீல லைட் நாற்பது மீட்டர், வெட்டு.
ஒன்பது மணிக்கு மேல் அது இருக்காது,
மப்பு நாளில் வரவே வராது,
அதையெல்லாம் ஆவணியில்
அவரே வந்து பார்க்கட்டும்.
அலங்காரம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
கொஞ்ச நேரம் யோசித்து
வினோகரனின் போன் நம்பரை எழுதினேன்.